வெறுங்கால் பிள்ளையும் வயிற்றுப் பூச்சியும்



வயிற்றுப் பூச்சி என்றாலே நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாயில் விளக்கெண்ணெய் வழவழப்பு வந்துவிடும். கோடை லீவு முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் திண்ணையில் வரிசையாக உட்கார வைத்து, மூக்கைப் பிடித்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றுவார்கள். பின்னாலேயே சுடச்சுடக் காபி. அன்று முழுக்க ரசம் சாதம்தான். அதற்கும் அடங்காத பூச்சிக்கு வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருண்டை. அழுதால் முதுகில் ஒரு அடி, அப்புறம் ஒரு துண்டு வெல்லம்.

இப்போது அந்த வேலையை ஒரே ஒரு மாத்திரை செய்கிறது. 2015-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ஆம் தேதி மத்திய அரசு 'தேசிய குடற்புழு நீக்க நாள்' என்று ஒன்றை ஆரம்பித்தது. முதல் வருஷமே அதில் சேர்ந்த மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. பிப்ரவரியில் ஒரு தரம், ஆகஸ்டில் ஒரு தரம் என்று வருஷத்துக்கு இரண்டு முறை, 1 வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். மென்று தின்கிற மாத்திரை. விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த எங்களுக்கு இதைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது!

ஆனால் பாருங்கள், கசப்பு போனதும் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும். மாத்திரை கொடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை போடறாங்களாம். எங்க பாப்பாவை வீட்டுலயே இருன்னு சொல்லிட்டேன். போன தடவை போட்டுட்டு நாலு புள்ளைங்க வாந்தி எடுத்துச்சாம்" என்றாள். "ஏம்மா, உனக்கு யார் சொன்னது?" என்றால், "கம்பெனி வண்டியில பேசிக்கிட்டாங்க" என்கிறாள். அந்த வண்டியில் நாற்பது பெண்கள். நாற்பது வீட்டுக்கும் செய்தி போயிருக்கும்.

வாந்தி வருமா என்றால், சில பிள்ளைகளுக்கு வரும். மறைப்பானேன்? லேசான குமட்டல், வயிற்றுவலி, தலைசுற்றல் வரலாம். பெரும்பாலும் வயிற்றில் பூச்சி நிறைய உள்ள பிள்ளைக்குத்தான் அப்படி ஆகிறது. மருந்து பட்டுப் பூச்சிகள் சாகிறபோது குடல் கொஞ்சம் புரட்டிப்போடும். சற்று நேரம் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். அதாவது, வாந்தி எடுத்த பிள்ளைதான் அந்த மாத்திரை ரொம்பத் தேவைப்பட்ட பிள்ளை. இதை எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாள் பிள்ளையை அனுப்பவில்லை. அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நாம் 'பூச்சி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதில் பல ஜாதி உண்டு. பிள்ளை வெளிக்குப் போகும்போது வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்கு வந்து தாயைப் பயமுறுத்துவது நாக்குப்பூச்சி. உருளைப்புழு என்று பாடப் புத்தகத்தில் போடுவார்கள். இதன் பெண் புழு ஒரே நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும் என்றால் நம்பமுடிகிறதா? முட்டை மலத்தோடு மண்ணுக்கு வந்து, இரண்டு மூன்று வாரம் மண்ணிலேயே பழுத்து, பிறகு பிள்ளையின் நகக்கண் வழியாகவோ, சரியாகக் கழுவாத கீரை வழியாகவோ மறுபடி வாய்க்குள் போகிறது. அதிகமாகிவிட்டால் பந்து போலச் சுருண்டு குடலையே அடைத்துவிடும். சாட்டைப்புழுவும் இதே வழியில் வருவதுதான். ராத்திரியில் ஆசனவாயில் அரித்துத் தூங்கவிடாமல் செய்வது கீரிப்பூச்சி. அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பயமெல்லாம் கண்ணுக்கே தெரியாத நாலாவதின் மேல்தான். கொக்கிப்புழு! அரை அங்குல நீளம்தான் இருக்கும். நாக்குப்பூச்சி மாதிரி வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. குடல் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் வருஷக் கணக்கில். விளக்கெண்ணெய்க்கெல்லாம் அது பிடியை விடாது. பேதியில் போவது பெரும்பாலும் குடலில் இருக்கிற மற்றதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கம் அதிகமாக உள்ள வகையில் ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.03 மில்லி ரத்தம். ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வயிற்றில் 100 புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லி; மாதத்துக்கு 90 மில்லி. கிட்டத்தட்ட அரை டம்ளர். 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர்தான் இருக்கும். நாம் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், குடத்தின் அடியில் ஓட்டை!

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பிள்ளை மெதுவாக வெளுக்கும். விளையாடும்போது சீக்கிரம் மூச்சு வாங்கும். வகுப்பில் தூங்கி வழியும். "மந்தம்", "சோம்பேறி", "படிப்பு ஏறவில்லை" என்று டீச்சரும் சொல்வார், நாமும் சொல்வோம். சில பிள்ளை சாம்பல், சுண்ணாம்பு, பல்பம், மண் என்று கண்டதைத் தின்னும். அது கெட்ட பழக்கம் என்று கையில் சூடு வைக்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். இரும்புச் சத்து குறைந்த உடம்பு சில சமயம் அப்படித்தான் மண்ணைத் தேடும். தேடிப் போய்த் தின்கிற மண்ணிலேயே நாக்குப்பூச்சியின் முட்டையும் இருக்கும். சூடு வைத்து என்ன பிரயோசனம்?

சரி, கொக்கிப்புழு எப்படி உள்ளே வருகிறது? இது வாய் வழியாக மட்டும் வருவதில்லை. கால் வழியாக வருகிறது. இதைக் கண்டுபிடித்ததே ஒரு தற்செயல். 1890-களின் கடைசியில் எகிப்தில் கெய்ரோ நகரத்தில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இந்தப் புழுவை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். புழுக் குஞ்சுகள் இருந்த தண்ணீர் ஒரு சொட்டு அவர் கையில் சிந்திவிட்டது. அந்த இடம் சிவந்து அரித்தது. வேண்டுமென்றே இன்னொரு சொட்டை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் காணோம், அவை உரித்துப் போட்ட சட்டைதான் மிச்சம்! பல வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை இருந்தது. தோலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வருகிறது. எவ்வளவு சுற்று வழி பாருங்கள்.

அதனால்தான் வெறுங்காலோடு வேலை செய்கிற ஜனங்களை அது பிடித்துக்கொண்டது. நம் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகளோடு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தோட்டங்களில் கொக்கிப்புழு அவ்வளவு மலிந்து கிடந்ததால், 1916-ல் மாத்தளைப் பக்கத்தில் அமெரிக்க ராக்பெல்லர் அமைப்பின் உதவியோடு ஒழிப்பு வேலை ஆரம்பித்தார்கள். பிற்பாடு கப்பல் ஏறுவதற்கு முன்பே மண்டபம் முகாமில் நம் ஆட்களை நிறுத்தி வைத்துப் புழு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். 1920-களில் சென்னை மாகாணத்திலும் அந்த அமைப்பு வேலை செய்தது. அந்தக் காலத்து மருந்து கடுமையானது, கூடவே பேதிக்கும் கொடுப்பார்கள்; எங்கள் விளக்கெண்ணெய் அதற்கு முன்னால் பால்பாயசம். மருந்து சாப்பிட்டுவிட்டு அதே லயத்துக்கு, கக்கூஸ் இல்லாத அதே தோட்டத்துக்கு, அதே வெறுங்காலோடு திரும்பிப் போனார்கள். புழு திரும்ப வந்தது. வராமல் என்ன செய்யும்? கூலிக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்வது துரைமார்களுக்குச் சுலபமாக இருந்தது. கக்கூஸ் கட்டித் தருவதற்குக் காசு செலவாகுமே!

நூறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது நம் பக்கம் எப்படி? வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் 33 தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் மலத்தைச் சோதித்துப் பார்த்து 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அப்போது நம் திருப்பத்தூரும் வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மொத்தமாகப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் சுமார் 8 பேருக்குப் பூச்சி இருந்தது. அவ்வளவுதானா என்று நிம்மதியடைய வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. இன்னொரு பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 20 பேருக்கு இருந்தது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வித்தியாசம். சராசரியைச் சொல்லி ஆறுதல் அடைகிறவர், அந்த இருபதில் தன் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு ஆராய்ச்சி. அதே சி.எம்.சி.காரர்கள் 2017-ல் ஆரம்பித்தது. ராணிப்பேட்டைப் பக்கம் திமிரி வட்டாரத்திலும், ஜவ்வாது மலையிலும் நடந்தது. நம் புதூர்நாடு இருப்பதும் அதே மலைத்தொடரில்தானே. இதே சோதனை ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி என்ற இரண்டு நாடுகளிலும் நடந்தது. அவர்கள் கேட்ட கேள்வி நம்மைப் போன்ற குடும்பஸ்திரீகளுக்கே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி: பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் போதுமா? வீட்டில் உள்ள மற்றவர்களை என்ன செய்வது? அதனால் சில ஊர்களில் வழக்கம்போல் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் என்று ஆறு முறை, வீடு வீடாகப் போய்ப் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் எடுத்த சோதனையிலேயே தெரிந்த விஷயம்: நம் பக்கம் இருப்பது பெரும்பாலும் கொக்கிப்புழு. அது சமவெளியைவிட மலையில் அதிகம். பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம்.

கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். நாக்குப்பூச்சி பிள்ளைகளின் வியாதி. கொக்கிப்புழு அப்படியில்லை, வயது ஏற ஏற அதுவும் ஏறுகிறது. நிலத்தில் களை எடுக்கிற அம்மா, ஆடு ஓட்டிப்போகிற பாட்டி, தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அப்பா ஆகியோர் வயிற்றில் அது குடியிருக்கும். அவர்கள் கொல்லைப் பக்கம் ஒதுங்கினால் முட்டை மண்ணுக்கு வரும். ஒரு வாரம் பத்து நாளில், மரத்து நிழலில், ஈர மண்ணில் குஞ்சு தயார். மாத்திரை தின்று சுத்தமான வயிற்றோடு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பிள்ளை, பையை வீசிவிட்டு வெறுங்காலோடு அதே மண்ணில் ஓடுகிறது. பிள்ளைக்கு வந்த பூச்சி தாய் வயிற்றிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

எதிர்வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அந்த வருஷ மழைக்காலத்துக்குப் பிறகு அவள் பிள்ளை, நாலாம் வகுப்பு படிப்பது, மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துகொண்டது. அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.9. அந்த வயதில் பதினொன்றரையாவது இருக்க வேண்டும். மலத்திலும் கொக்கிப்புழு முட்டை. டாக்டரம்மா பிள்ளைக்கு மருந்து எழுதிவிட்டு, தாயின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "நீயும் ரத்தம் கொடுத்துட்டுப் போ" என்றார். இவளோ, "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர், கம்பெனியில நின்னு நின்னு வர்ற அசதிதான்" என்கிறாள். பார்த்தால் அவளுக்கு 8.4! மிஷினில் தைக்கும்போது கண் இருட்டுவதும், படுத்தால் நெஞ்சு படபடப்பதும் ஒரு வருஷமாக இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மாமியார் உள்பட எல்லாருக்கும் மாத்திரை, தாய்க்கும் பிள்ளைக்கும் கூடவே இரும்புச் சத்து மாத்திரை. மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டார்கள். பிள்ளை இப்போது தெருவில் பாண்டி ஆடுகிற சத்தத்தில் எனக்கு மத்தியானத் தூக்கம் கெடுகிறது. கெடட்டும்.

2019-லிருந்து 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. எல்லாம் பூச்சியால் அல்ல. மாதவிலக்கு, அடுத்தடுத்துப் பிரசவம், கடைசியில் மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிற நம் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் பூச்சியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பார்த்தால் பலன் இராது. இதை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. சமீப வருஷங்களில் தமிழ்நாட்டில் அதே குடற்புழு நீக்க நாளில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் மாத்திரை தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் அன்று தருவதில்லை. கர்ப்பிணிகளுக்கு மூன்று மாதம் கழிந்த பிறகு டாக்டரே பார்த்துத் தனியாகக் கொடுப்பார். மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று சந்தேகம் இருந்தாலும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற இளம் தாய்மாரில் எத்தனை பேர் 'எனக்கும் உண்டா?' என்று கேட்கிறீர்கள்? முப்பது தாண்டிய நாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்க வேண்டியதுதான். கேட்டால் தருகிறார்கள்.

மாத்திரை வயிற்றில் இருக்கிற புழுவைத்தான் கொல்லும். மண்ணில் இருப்பதை ஒன்றும் செய்யாது. தடுப்பூசி மாதிரி ஒரு தரம் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அப்புறம் மண்ணுக்கு என்ன வைத்தியம்? கக்கூஸும் செருப்பும்தான்.

செருப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற ஷூவின் தோல் நம் பக்கத்தில் பதனிட்டது, தையல் நம் பெண்கள் போட்டது. அப்படித் தைக்கிற கையின் சொந்தக்காரி வீட்டுப் பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறது. அரசுப் பள்ளிகளில் 2012 வாக்கிலிருந்து விலையில்லாக் காலணி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "பள்ளிக்கூடத்துச் செருப்பு, தேஞ்சுடும்" என்று சாயங்காலம் கழற்றி மேலே எடுத்து வைத்துவிடுகிறோம்! பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில் செருப்பு. வேர்க்கடலைக் கொல்லையிலும் தென்னந்தோப்பிலும் வெறுங்கால். தலைகீழாக அல்லவா இருக்கிறது? பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பின்வாசலில் கிடக்கட்டும். அதைப் போட்டுக்கொள்ளாமல் கொல்லைக்கு இறங்கக்கூடாது என்று ஒரு சட்டம் வையுங்கள். வீட்டுக்குள் செருப்பு வேண்டாம் என்கிற நம் ஆசாரம் அப்படியே இருக்கட்டும். மழைக்காலத்தில் பிள்ளை கால் விரலிடுக்கில் அரிக்கிறது என்றால் சேற்றுப்புண் என்று மஞ்சள் வைத்து விட்டுவிடாமல், புழு நுழைந்த அரிப்பாகவும் இருக்கலாம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கக்கூஸ் விஷயம் பேசினால் சிலருக்கு முகம் சுளிக்கும். 2014-க்குப் பிறகு அரசாங்க மானியத்தில் நம் கிராமங்களில் கட்டியது ஏராளம். அதில் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். ஜனங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கோடையில் இரண்டு குடம் குடிதண்ணீருக்கு நாலு தெரு நடக்கிற பெண், ஆறு பேர் போகிற கக்கூஸுக்கு யார் தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றுவாள்? தண்ணீர் இல்லாமல் கக்கூஸ் கட்டித் தருவது சக்கரம் இல்லாத வண்டி. பஞ்சாயத்தில் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஆண்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது.

ஆனால் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. குழந்தையின் மலம். "பால் குடிக்கிற குழந்தை, அதில் என்ன இருக்கிறது" என்று பழந்துணியால் வழித்துக் குப்பை மேட்டில் போட்டுவிடுகிறோம், வாசல் சாக்கடையில் கழுவி விடுகிறோம். தவழ்ந்து மண்ணை வாயில் வைத்துப் பழகிய குழந்தைக்கு நாக்குப்பூச்சி வர எத்தனை நாள் ஆகும்? அதன் மலத்திலும் பெரியவர்கள் மலத்தில் உள்ள அத்தனையும் இருக்கும். கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கக்கூஸ் இல்லாவிட்டால் குழி தோண்டி மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாதம் பிசையுங்கள்.

தென் கொரியாவில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1971-ல் அங்கே எடுத்த கணக்கில் நூற்றுக்கு 84 பேருக்கு வயிற்றில் ஏதாவது ஒரு புழு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு தரம் ஆளுக்கொரு சின்ன உறையில் தங்கள் மலத்தை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுக்க வேண்டும்! சோதித்துப் பார்த்துப் புழு உள்ள பிள்ளைக்கு மருந்து. வருஷம் தவறாமல் இதைச் செய்தார்கள். கூடவே கக்கூஸும், கால் நிறையச் செருப்பும் வந்தன. வயலுக்கு மனித எரு போடுவது நின்றது. 1997-ல் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட இல்லை. உலகம் முழுக்க இன்றும் 150 கோடி பேர் வயிற்றில் இந்தப் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வரிசையிலிருந்து ஒரு தேசமே இருபத்தைந்து வருஷத்தில் வெளியே வந்துவிட்டது.

நம் வீடுகளில் பூச்சியைப் பற்றிச் சுற்றிவருகிற சில சமாசாரங்களையும் பார்த்துவிடலாம். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறோம். சர்க்கரையிலிருந்து பூச்சி பிறக்காது. மிட்டாயைப் பிடிக்கிற கைதான் காரணம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும், கன்னத்தில் வெள்ளைத் தேமல் வருவதும் பூச்சிக்கு அடையாளம் இல்லை. தோல் ஷாப்புத் தண்ணீரால்தான் பூச்சி என்று ஆம்பூர்ப் பக்கம் சிலர் சொல்கிறார்கள். பாலாற்றை அது கெடுத்தது உண்மை, அதற்கு வேறு வியாதிகள் உண்டு. குடற்புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உப்புத் தண்ணீரில் கீரையைப் போட்டால் முட்டை சாகாது. ஓடுகிற தண்ணீரிலோ, மூன்று நாலு தண்ணீர் மாற்றியோ அலசினால் மண்ணோடு போகும். கொதித்தால் சாகும். பச்சையாகத் தின்கிற முள்ளங்கி, காரட், கொத்துமல்லிக்குத்தான் கூடுதல் ஜாக்கிரதை. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் தாராளமாகச் செய்யுங்கள், நாக்குக்கு நல்லது. மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்காதீர்கள். ரத்தம் ஊற முருங்கைக்கீரை, கேழ்வரகு, கறி சாப்பிடுகிறவர்கள் ஈரல், சுவரொட்டி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. கம்பெனிக்குப் போகிற பெண்கள் மத்தியானச் சாப்பாட்டோடு டீயையும் முடித்துக்கொள்வதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தட்டில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை கொடுக்கும் விதம் முக்கியம். 1 வயதுக்கு மேல் 2 வயதுக்குள் பாதி மாத்திரை. 2 வயதுக்கு மேல் முழு மாத்திரை, அதாவது 400 மில்லிகிராம். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கிற பழைய விளக்கெண்ணெய் வித்தையை இதில் காட்டவே கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சு முட்டிவிடும். பெரிய பிள்ளைகள் நன்றாக மென்று விழுங்கட்டும். அன்று காய்ச்சலோ வேறு உடம்போ சரியில்லை என்றால் கொடுக்க வேண்டாம். விடுபட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வாரத்தில் இன்னொரு நாள் வைத்திருக்கிறார்கள், அன்று கொடுக்கலாம்.

கீரிப்பூச்சியைச் சொல்கிறேன் என்றேன். இது மண்ணிலிருந்து வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவது. பிள்ளை தூங்கியபின் பெண் பூச்சி ஆசனவாய்க்கு வந்து முட்டையிடும். அரிக்கும். பிள்ளை சொறியும். முட்டை நகத்தில் ஏறும், பாயில் உதிரும், பக்கத்தில் படுத்த தங்கைக்கும் போகும். படித்த வீடு, சுத்தமான வீடு என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை; வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கழுவுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் துண்டு போல் தெரியும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ராத்திரி ஜட்டி போட்டுத் தூங்க வையுங்கள், காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுங்கள், போர்வை துணியெல்லாம் வெந்நீரில் துவையுங்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பாட்டி முதல் பேரன் வரை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வேண்டும். முட்டைகள் மருந்துக்குச் சாகாது என்பதால், இரண்டு வாரம் கழித்து எல்லாரும் இன்னொரு தரம்.